வரவேண்டியது

ராய்ப்பூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதும்
ரிக் வண்டி ஊருக்கு வந்துவிட்டது.
திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டுச் செட்டில்
தார்ப்பாய் போர்த்தி மூன்று மாதம் நிறுத்தியிருந்தோம்.
புரட்டாசி கடைசியில் சாவியைத் திருகினால்
டிக் என்றுகூடச் சொல்லவில்லை.

சென்னியப்பன் டேஷ்போர்டைக் கழற்றித் தலையை உள்ளே விட்டு
ஒரு பிடி வயரை இழுத்து வெளியே போட்டார்.
சிவப்பு, மஞ்சள், பச்சை
எல்லாத்திலும் செம்பு பல்லிளித்தது.
"ஒறம்பரை வந்து தங்கீருக்குதுங்ணா.
மொதல்ல அதுகளை அனுப்பிப்போட்டுக் கூப்பிடுங்க.
வயரிங் பதினெட்டாயிரம் ஆகும்."

புகையிலை கட்டித் தொங்கவிட்டால் அண்டாது என்றார்கள்.
மறுநாள் காம்பு மட்டும் தொங்கியது.
வெத்தலைதான் கேட்கவில்லை.

அர்த்தநாரி பசை அட்டை வாங்கிவந்தான்.
பதினோரு வருசமாய் அந்த வண்டியிலேயே
தூங்கி எழுந்தவன் அவன்.
முதல் ராத்திரி மாட்டியது:
இரண்டு பாச்சை, ஒரு பல்லி, என் இடது செருப்பு.
பல்லிக்குக் கடலெண்ணெய் விட்டு
ஒவ்வொரு காலாக உரித்தெடுத்தான், அரை மணி நேரம்.
ஆயிரம் அடிப் பாறைக்குள்
ராடு இறக்குகிற கை.

"விசம் வைக்காதீங்க" என்றாள் தாமரை.
"மெத்தைக்குள்ள போயித்தான் சாகும்.
அந்த நாத்தத்தோட ஒடிசா வரைக்கும் போவீங்களா?"

பிறகு பொறி. கருவாட்டுத் தலை.
பாதி ராத்திரி பட்டென்று விழுந்தது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று
எங்களை அது பார்த்ததைப் பார்த்தால்
செட்டுக்கு வாடகை கேட்கப்போகிறதோ என்று இருந்தது.
டிவிஎஸ்ஸில் வைத்து ஏரிக்கரை தாண்டி விட்டுவந்தோம்.
அடுத்த ராத்திரி மாட்டியது அதே எலியா, அதன் தங்கச்சியா,
சத்தியமாய்ச் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் டிரைவர் சீட்டைத் தூக்கினோம்.
ஸ்பாஞ்சைக் குடைந்து ஒரு குழி.
குழிக்குள் பஞ்சுக் கழிவு, சணல், அப்புறம்
என் நீல அட்டை நோட்டு,
விரல் நகம் அகலத்துக்குத் துண்டு துண்டாய்.
யார் யார் போர் போட்டுவிட்டுக் காசு தரவில்லை என்று
மூன்று வருசமாய் எழுதிவைத்த நோட்டு.
பக்கத்திலேயே ஃபைனான்ஸ்காரருக்கு
நான் கட்டவேண்டிய தவணை அட்டை இருந்தது.
அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.
பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

துண்டுகளின் மேல் ஆறு குஞ்சு.
உரித்த நிலக்கடலை நிறம், கண் திறக்கவில்லை.
ஒன்றின் வயிற்றுக்கடியில் என் கையெழுத்து:
தம்தரி, 640 அடி, புகை மட்டும்.

ஆமாம், அந்த ஆள்.
அறுநூற்று நாற்பதில் நிறுத்தச் சொல்லிவிட்டு
வெள்ளைப் புழுதிக்கு நடுவில் நின்றார்.
அவர் சம்சாரம் அப்போதும் எங்களுக்கு டீ கொண்டுவந்தது.
தண்ணியே இல்லாத ஓட்டைக்கு
எதுக்குங்க காசு என்று
அவர் பாசையில் கேட்டார். எனக்குப் புரிந்தது.
புரியாத மாதிரி எழுதிக்கொண்டேன்.

அர்த்தநாரி என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.
காலி கிரீஸ் டப்பாவில்
மெத்தையோடு அள்ளி
கிளுவை வேலிக்கடியில் சாய்த்து வைத்தான்.
தாய் வரும், வராமலும் போகும்.
சுவர் ஓட்டையெல்லாம் கம்பி நார் திணித்துச் சிமெண்ட் பூசினோம்.
திங்கட்கிழமை வண்டி இருமிக்கொண்டு எழுந்தது.

அன்று பொழுதோடு
புது நோட்டு வாங்கி உட்கார்ந்தேன்.
நான் சொல்லச் சொல்லத் தாமரை எழுதினாள்.
பதினொரு பேர் ஆயிற்று.
"ஏனுங்க, அந்தத் தம்தரிக்காரரு?"

எலி தின்னுபோட்டுது என்றேன்.

கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்துவிட்டுப்
பேனாவை மூடினாள்.