பதினோராவது குழி

மாமாங்கத்துக்கு மேற்கே எங்கள் மண் வெள்ளை.
கடப்பாரை போட்டால் பொறி வரும்,
மண் வராது.
மூன்று மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது
பாத்திர அடுக்கு ஒருமுறை பேசி நிறுத்தும்.
இங்கே போய்த் தோட்டமா என்றார் நர்சரிக்காரர்.
பதினோரு குழி என்றேன்.
எதற்கென்று கேட்டார், சொன்னேன்.
உரத்துக்குக் காசு வாங்கவில்லை,
வண்டி வாடகை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த வைகாசியில்
இரண்டு தெருவில் பதினோரு பேர்.
எவர் வீட்டுக்கும் எவரும் போகவில்லை.
ஜன்னல் வழியே ஆம்புலன்ஸை எண்ணினோம்,
பிறகு எண்ணுவதையும் விட்டோம்.
அன்று போகாத வீடுகளுக்கெல்லாம் சேர்த்துத்தான்
இப்போது வருகிறோம்
ஞாயிறுதோறும், மண்வெட்டியோடு.

கணக்கு நோட்டு என்னிடம்.
மூக்கனேரி வண்டல், டிராக்டர் நான்கு நடை.
ஆட்டுப்புழுக்கை, சாக்கு ஒன்பது.
அந்த ஆடே உள்ளே புகுந்த வாரம்
கம்பிவேலி, பாதி விலை.
மீதியை ஷர்புதீன் மகன் போட்டான்,
எழுத வேண்டாம் என்றான்.
எழுதிவிட்டேன்.
மேட்டூர்த் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறை,
வராத வாரம் லாரி.
சண்டை மூன்று. அதற்குத் தொகை இல்லை.

சிலுவையா வேலா பிறையா,
அது முதலாவது.
எதுவும் வேண்டாம், பலகையில் பெயர் போதும் என்று முடிந்தது.
அடுத்த ஆடிக்குள் பெயர்களைக் கறையான் தின்றது.
மறுபடி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நர்ஸ் ஜெசிந்தாவுக்கு இலை உதிருது,
கொலுசுப் பட்டறை வெங்கிடுவுக்குப் பூச்சி விழுந்திருக்கு,
சௌந்தரம் ரொம்பச் சாயறா, முட்டுக் கொடுக்கணும்
என்று பேசிக்கொள்கிறோம்.
புதிதாகக் குடிவந்தவர்கள்
திரும்பிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, சப்போட்டா.
கண்டக்டர் அர்த்தநாரியின் மரம்
மூன்றாம் வருஷமே காய்த்துவிட்டது.
செத்தவர் பெயரில் நிற்பதைத் தின்னலாமா?
ஒரு மாதம் யாரும் தொடவில்லை.
வௌவால் மட்டும்
கூட்டத்துக்கு வராமலே முடிவெடுத்தது.
கடைசியில் பாவாயி அக்கா வந்தாள்.
ஒரு பழத்தைப் பிட்டாள், முகர்ந்தாள்.
"அந்த மனுசன் ஓசியில ஒருத்தரையும் ஏத்துனதில்லீங்க.
என்னையுந்தான்.
டிக்கெட் எடுத்துட்டுத் தின்னுங்க."
மறுநாள் கிளையில் தொங்கியது
அவர் தோல்பை, வாரோடு.
காசு போட்டுவிட்டுப் பறிக்கிறார்கள்.
பள்ளிப் பிள்ளைகள் போடாமலும் பறிக்கிறார்கள்.
மோட்டார் பில்லில் பாதி அதில் ஓடுகிறது:
வரவு, அர்த்தநாரி, நூற்று நாற்பது.

மூன்றாவது என்னோடு.
பதினோராவது குழி ஏன் காலி?

ஆளுக்கொரு கன்று கொண்டுவந்தார்கள்.
செம்பருத்தி, நாட்டுக்கொய்யா,
ஏற்காட்டிலிருந்து ஒருவர்
ஈரத்துணி சுற்றிய ஆரஞ்சை மடியில் வைத்தபடி
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார்.
நான்தான் வாங்கவில்லை.
உனக்கு ஒன்றும் ஒத்துவராது,
எனக்குத் தெரியாதா.
மல்லிகை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால்
ஏழு தும்மல், எண்ணியிருக்கிறேன்.
வேப்பம்பூ உதிர்கிற மாதம் முழுக்க
கைக்குட்டையும் நீயும்
கதவடைத்த அறையில்.
பூக்கிற எதையும் உன் பக்கத்தில் எப்படி நடுவேன்,
அதுவும் மூச்சுக்காக
அந்தப் பதினாறு நாள் கிடந்தபிறகு.

சேர்வராயன் மேல் மேகம் உட்கார்ந்த மாலைகளில்
எல்லாருக்கும் ஊற்றி முடித்து
குழாயில் மிச்சமிருப்பதை
அந்தக் குழியில் விடுகிறேன்.
வெள்ளை மண் அவசரப்படுவதில்லை.
குமிழி ஒன்று, இன்னொன்று,
பிறகு ஸ் என்று
நெஞ்சு நிறைய இழுக்கிற சத்தம்.

நோட்டில் எழுதுவது:
தண்ணீர், பத்துச் செடிக்கு.
லிட்டர் உதைக்கிறது.
யாரும் கேட்பதில்லை.