எல்லாத்துக்கும் ஆமா

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில்
நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்கி
ஆயுள் விற்க உரிமம் பெற்றேன்.
திங்களன்று என் மேஜைக்கு
இன்னொரு பலகை வந்தது.
பழையதை எடுக்கவில்லை,
புதியதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்கள்.

டோல்கேட் கிளை. மார்ச் பத்தொன்பது.
ஏசி சொட்டும் பக்கெட்டுக்கு அந்தப் பக்கம்
டிரெய்லர் ஓட்டும் தேசிங்கு.
மடியில் டிபன் டப்பா.
உள்ளே ஒன்றரை லட்சம்,
லேசாக ஊறுகாய் வாசம்.

"அஞ்சு வருசத்துக்குப் போட்டுடுங்க மேடம்.
நானே கேட்டாலும் எடுக்க முடியாத மாதிரி."

எடுக்க முடியாத மாதிரி
என்னிடம் வேறொன்று இருந்தது.

"இதுவும் டெபாசிட் மாதிரிதான் சார்."
கூடவே காப்பீடு, கூடவே போனஸ்.
வங்கிக்குள் வைத்து விற்றால்
எல்லாமே வங்கி மாதிரிதான் இருக்கிறது.
ஒரு தடவை கட்டுவதா, வருடா வருடமா
என்று அவர் கேட்கவில்லை.
அந்தப் பக்கத்தை நான்
கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன்.

நாமினி?
முதல் தடவையாக யோசித்தார்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
தண்ணி லாரி ஒன்று முழுசாகத் திரும்பி முடித்தது.
"கஜா."
உறவு?
"கிளீனர்."

திரையில் பட்டியல் விரிந்தது:
மனைவி மகன் மகள்
தாய் தந்தை சகோதரன் சகோதரி.
சகோதரனை அழுத்தினேன்.
முழுப்பேர்?
"கஜான்னுதான் கூப்புடறது."
கஜேந்திரன் என்று நானே அடித்தேன்.
பிறந்த தேதி?
"பொங்கலாண்ட இருக்கும்."
ஜனவரி ஒன்று என்று போட்டேன்.
வருடத்தை மீசையை வைத்து
அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

"ஒரு கால் வரும் சார்.
அவங்க என்ன கேட்டாலும்
எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க."

அந்தக் காலின் பதிவை
மண்டலக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள்,
நல்ல உதாரணம் என்று.
பின்னால் ஹாரன், அலை, யாரோ துப்புகிற சத்தம்.
பத்து வருடம் கட்டச் சம்மதமா? ஆமா.
விதிமுறைகள் விளக்கப்பட்டனவா? ஆமா.
"டேய் கஜா, கட்டை வைடா, வண்டி உருளுது!"
யாராவது வற்புறுத்தினார்களா?
ஆமா.
அரங்கமே சிரித்தது.
அதைத் தவறுதலாக வந்த ஆமா என்று
குறித்துக்கொண்டு மேலே போனார்கள்.
நானும் சிரித்தேன்,
பல்லில் சமோசா ஒட்டியிருந்தது.

பிடிக்கவில்லையென்றால்
முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம்.
தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.
சரியாக எழுதியிருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள்
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
படிவத்தைக் கைப்பையில் மடித்துக்கொண்டு
எண்ணூர் விரைவுச் சாலையில் நடந்தேன்.
"ஜீரோ கேட்டுக்குப் பின்னாடி நூறு வண்டி தள்ளி,
பச்சைப் பெட்டி" என்று போனில் சொல்லியிருந்தார்.
எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன்.
ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட கல்,
ஒரு பக்கம் நகராத சக்கரங்கள்.
சேலையில் இவ்வளவு தூசி ஏறும் என்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.
போன வார மேனேஜர் குரல் கூடவே வந்தது:
"ஒண்ணு கேன்சல் ஆனாலும்
நம்ம கிளை எட்டாவது எடத்துக்குப் போயிடும்மா."

பச்சைப் பெட்டியின் கேபினில்
ஒரு பையன் ஸ்டவ்வில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.
"அண்ணன் குளிக்கப் போயிருக்கு. இன்னா மேட்டர்?"
பேங்க், என்றேன்.
அடுப்பை அணைத்தான்.
"அண்ணன் எதுனா பாக்கியா?
எவ்ளோன்னு சொல்லு, நான் கட்டிடறேன்."

அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி
அவன் பெயரைக் கேட்டேன்.
"கஜா."
முழுப்பெயர்.
"கஜபதி. எதுக்கு?"

முன்னாலிருந்த வண்டி ஒரு ஆள் நீளம் நகர்ந்தது.
பின்னால் ஹாரன் கத்தத் தொடங்கியது.
அவன் குதித்து இறங்கி
சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை உருவினான்,
அதைக் கையில் வைத்துக்கொண்டே
பதிலுக்கு நின்றான்.