மெமோவுக்கு விளக்கம்

திருவட்டார் பணிமனை கிளை மேலாளர் அவர்களுக்கு
நடத்துநர் டென்னிஸ்ராஜ் எழுதிக்கொள்வது.
தக்கலை – குலசேகரம் வண்டி
தடத்தில் இல்லாத மாத்தூருக்கு ஏன் போனது,
மூன்று மணி நேரம் ஏன் கிடந்தது,
இருக்கைக்கு அடியில் மரச்சீனி எப்படி வந்தது
என்று கேட்டிருக்கிறீர்கள்.
நல்ல கேள்விகள், ஐயா.

அழகியமண்டபத்தில் ஏறினார் ஒருவர்.
மஞ்சள் சட்டை, முன்சீட்டு.
போனில் பேசவில்லை, போனை ஏசினார்:
"எடே, ஒம்பதாவது தூணுக்க மூட்டுல கெடக்கு,
நாலு லெச்சம், உரச்சாக்குல பொதிஞ்சு.
தொட்டிப்பாலம் எழும்பி ஓடிராதுல்லா?
பைய எடுத்தா போரும்."
வேர்க்கிளம்பியில் இறங்கிவிட்டார்.
இருபது தந்திருந்தார். மீதி ஏழு ரூபாய்
சீட்டுக்குப் பின்னால் எழுதியபடி அவர் பையில்.

அப்புறம் வண்டிக்குள் ஒரு அமைதி.
பூசையில் மணியடிக்கும் முன் கோவிலில் விழுமே, அது.

முதலில் இருமியவர் எல்.ஐ.சி. வின்ஃபிரெட்:
"மாத்தூர்ல ஒரு பாலிசி முதிருது."
கட்டணமில்லாச் சீட்டோடு குளச்சல் லூர்துபிரகாசி
மீன்சருவத்தை இடுப்பில் ஏற்றி
"பாலம் பாத்து நாளாச்சி" என்றாள்.
அடக்கத்துக்கு ஊதப்போன பேண்டு தங்கச்சாமி
"செத்தவன் எங்க போவப்போறான்" என்றார்.
மாவுக்கட்டுக் காலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கொச்சுமணி
ஒன்றும் சொல்லவில்லை. படியில் போய் நின்றுகொண்டார்.
ஓட்டுநர் செல்லக்கண் என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.
நான் விசில் அடிக்கவில்லை, ஐயா.
வண்டிதான் திரும்பியது.

நான் போனது அந்த ஏழு ரூபாயைக் கொடுக்க.
இதை மட்டும் அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

மொத்தம் இருபத்தெட்டுத் தூண்.
ஒன்பதாவது என்றால் எந்தக் கரையிலிருந்து?
இந்தக் கரையின் ஒன்பது அந்தக் கரைக்கு இருபது.
கட்சி பிரிந்தது.
படிக்கட்டில் முதலாவதாக இறங்கியது மாவுக்கட்டு.
வின்ஃபிரெட் பாலிசிப் பையைத் தலையில் வைத்து
பறளியாற்றைக் கடந்தார், பாதியில் பை அவரைக் கடந்தது.
தங்கச்சாமி டிரம்பெட்டால் மண் அள்ளினார்,
பிறகு ஊதிப் பார்த்தார், ஒரு மண்புழு வந்தது.
லூர்துபிரகாசி நெத்திலியைக் கொட்டிவிட்டுச் சருவத்தால் தோண்ட,
நெத்திலிக்கு வந்த நாலு நாயும் கூடத் தோண்டின.
செல்லக்கண் ஜாக்கி லிவரோடு எங்களை முந்தினார்.
மேலே பாலத்தில் சுற்றுலா வந்த பிள்ளைகள் கைதட்ட,
"பாத்தியளா, இதாக்கும் தொல்லியல்" என்றாள் ஒரு டீச்சர்.

கிடைத்தவை, தணிக்கைக்காக:
பல்செட் ஒன்று, மேல்வரிசை மட்டும்.
பிராந்திக் குப்பி இரண்டு.
மரச்சீனி எழுபது மூடு.
பின்னாலேயே அதன் உடைமைக்காரி ரெத்தினபாய்,
கையில் வெட்டுகத்தி.

"எவம்லே எனக்க விளையில?"
குழாய் வேலை என்றோம், ஒரே குரலில்.
ஒரே குரல்தான் காட்டிக்கொடுத்தது.
நாலாயிரத்து இருநூறு, தலைக்கு எழுநூறு.
ஒற்றைக் காலுக்குப் பாதி போதும் என்று
கொச்சுமணி பேரம் பேசியது எடுபடவில்லை.
வசூல் பையை நான் தொடவில்லை, அந்த எழுநூறு சொந்தக் காசு.
விலை கொடுத்த மரச்சீனியை விட்டுவர முடியுமா?
இரண்டு மூடு தங்கள் வீட்டுக்கும் வந்தது,
நன்றாக வெந்ததாகத் தாங்களே சொன்னீர்கள்.

அன்றிலிருந்து அத்தனை பேரும்
தினமும் நம் வண்டியில்தான் ஏறுகிறார்கள். வசூலைப் பாருங்கள்.

இன்று காலை, அழகியமண்டபம், அதே மஞ்சள் சட்டை.
கசங்கிய சீட்டை நீட்டினார்: "கண்டக்டரே, ஏழு ரூவா."
கொடுத்தேன். கடமை முடிந்தது.
அப்போது அவர் போன் அடித்தது:
"ஒம்பது இல்லடே, சவமே!
பத்தொம்பதுண்ணுல்லா சொன்னேன்!"

நாங்கள் இருபதில் நின்றவர்கள், ஐயா.
கை நீட்டினால் தொடுகிற தூரம்.

ஆகவே நாளை ஒருநாள் எனக்கும் ஓட்டுநருக்கும்
தற்செயல் விடுப்பு தந்தருள வேண்டும்.
காரணம்: வயிற்றுப்போக்கு, இருவருக்கும்.
தாங்களும் நாளைக்கு விடுப்பு போட்டிருப்பதாக
அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.
எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மண்வெட்டி.