ஆறு புள்ளி ஒன்பது

மாலை ஐந்து மணிக்குச் சர்க்கரைத் தண்ணீரில்
ஒரு சொட்டு ஈஸ்ட் விட்டேன்.
முப்பது டிகிரி. நிமிடத்துக்கு இருநூறு சுற்று.
அரைமணிக்கு ஒருமுறை கலங்கலை அளக்க வேண்டும்,
விடியும்வரை.
அக்ஷதாவின் முறை இது. அவளுக்குக் காய்ச்சல்.

ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பு.
பூஜ்ஜியம் புள்ளி இரண்டு, நான்கு, எட்டு.
வாடகை கேட்டு வரும் செய்திகளும் அப்படித்தான்:
திங்களன்று ஒன்று, செவ்வாயன்று இரண்டு,
இன்றைக்கு நான்கு.
உதவித்தொகை வந்து ஐந்து மாதம்.

செல்லின் தோலில் இரண்டு உணரிகள் உண்டு.
சர்க்கரையை உள்ளே விடும் கதவைப் போலவே இருக்கும்;
அதே நிலை, அதே கீல்.
ஆனால் திறக்காது.
எந்த யுகத்திலோ திறக்க மறந்துபோனவை.
சர்க்கரை வந்து தொட்டால்
உள்ளே சேதி மட்டும் போகும்.
ஒன்று, ஏராளமாக இருந்தால்தான் வாய் திறக்கும்.
மற்றது துளியூண்டு இருந்தாலும் சொல்லிவிடும்.
அதைக் கேட்ட பிறகே
நிஜக் கதவுகளைச் செய்து மாட்டுகிறது செல்.

மத்திகெரேயில் எங்கள் விடுதி வாசலில் இருக்கும்
சன்னப்பாவிடமும் சாவி கிடையாது.
பத்து மணிக்கு மேல் போனால்
முகத்தைப் பார்ப்பார், மேலே போன் செய்வார்.
நடுவில் ஒரு கேள்வி: "ஊட்ட ஆய்தா?"
ஆச்சு என்பேன்.
நம்பியதாகத் தெரியாது.

பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் செருமி எழுவதற்குள்
குடுவைகள் நின்றன.
வெளியே மழை பெய்வது அப்போதுதான் கேட்டது.

இரண்டு மணிக்கு ஆறு புள்ளி நான்கு.
இரண்டரைக்கு ஆறு புள்ளி எட்டு.
மூன்று மணிக்கு ஆறு புள்ளி ஒன்பது.
மூன்றரைக்கும் ஆறு புள்ளி ஒன்பது.

சர்க்கரை தீர்ந்தது.

இவ்வளவு நேரமும் காற்றுக்குக் குறைவில்லை,
கடைசிப் பொறிவரை எரித்திருக்கலாம்.
செய்யவில்லை. கல்யாணப் பந்தியில்
ஜாங்கிரியைப் பாதி கடித்து வைக்கும் பிள்ளைகள்போல
அவசரமாய்த் தின்று, மிச்சத்தைச்
சாராயமாய்க் கழித்தன.
பஞ்சு மூடியை எடுத்தால் அந்த வாசம்தான்.

இனி அதையேதான் குடிக்க வேண்டும்.
அதற்கு வேறு பல் வேண்டும், வேறு குடல்.
இத்தனை நேரம் மூடிக் கிடந்த பக்கங்களைப் பிரித்து
வாசித்து, வார்த்து, பொருத்தி முடியும்வரை
கோடு படுத்தே கிடக்கும்.
என் குறிப்பேட்டில் இதைக் 'காத்திருப்பு' என்று எழுதியிருந்தேன்.
பேராசிரியர் அடித்துவிட்டு
'தாமதம்' என்று திருத்தினார்.

முதல் வருடம் இதே மூன்றரைக்கு
செத்துப்போச்சு என்று நினைத்து
ஒரு குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தேன்.
கழுவியும் வைத்தேன், சுத்தமாக.

நான்கு மணி. ஆறு புள்ளி ஒன்பது.
பையைத் துழாவினேன். சீப்பு, ஒற்றை மாத்திரை,
அய்யங்கார் பேக்கரிப் பொட்டலத்தில்
முந்தாநாள் வேண்டாமென்று மடித்த பன்னின் ஓரம்.
குப்பைக்கூடை பக்கத்தில் இல்லாததால்தான்
பையில் இருந்தது.
தாழ்வாரத்துக்குப் போய் நின்றபடி தின்றேன்.
இதை உப்பவைத்ததும் இதே ஜாதிதான்.
காய்ந்திருந்தது.
கடைசியில் கொஞ்சம் இனித்தது.

நான்கரைக்கு ஏழு.
ஐந்து மணிக்கு ஏழு புள்ளி ஒன்று.
கருவியின் பிழையாக இருக்கும் என்று
இன்னொரு முறை அளந்தேன்.
ஏழு புள்ளி ஒன்று.

மழை விட்டிருந்தது. யஷ்வந்தபுரம் போகும் முதல் பேருந்து
யாருமில்லாமல் விளக்கோடு போயிற்று.
வாசலில் சன்னப்பா மப்ளரைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்தார். பொழுது மாறியதால்
கேள்வியையும் மாற்றினார்:
"திண்டி ஆய்தா?"

"ஆகில்ல" என்றேன்.

ஒன்றும் சொல்லவில்லை. மேலே போன் செய்தார்,
வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே பேசினார்.
படிகளில் யாரோ
செருப்பு மாட்டும் சத்தம்.