ஏழாம் சானலில் ஒரு குமிழ்

தார்த்து நகரம். மீன்கடைக்குக் கீழே நிலவறை.
வெளியே மைனஸ் பதினொன்று.

லீவியின் மைக், சானல் ஒன்றில்.
அங்கிருந்து ஆக்ஸ் இரண்டு வழியாக
அவள் காலடியில் கிடக்கும் லூப் பெடலுக்கு.
பெடலிலிருந்து திரும்பி, ஏழுக்கு.
போன குரல் வந்த குரலாகும் வழி
இவ்வளவுதான்.

ஏழில் மட்டும் ஆக்ஸ் இரண்டைத் திறக்கக் கூடாது.
திறந்தால்
வந்தது மறுபடி போகும், போனது மறுபடி வரும்,
ஊளை.
அந்தக் குமிழின் மேல் பச்சை டேப் ஒட்டியிருக்கிறேன்.
என் கையை நான் அறிவேன்.

முதல் சுற்றில் நீளமாய் ஒரு 'ம்'.
அதன் நடுவில்
தும்மிவிட்டேன்.

எட்டு விநாடிக்கு ஒருமுறை இப்போது தும்முகிறேன்
வாய் மூடி உட்கார்ந்தபடி.
கடைசி அடுக்கை மட்டும்தான் பெடல் அழிக்கும்.
என்னுடையது அடியில்.
அவளோ மேலே மேலே அடுக்குகிறாள்.

பதினான்கு பேர். முதலில் சிரித்தார்கள்.
ஐந்தாவதற்கு யாரும் சிரிக்கவில்லை.
ஒன்பதாவதற்குச் சற்று முன்
லீவி மூச்சை இழுத்துக் காத்திருந்து
தும்மல் விழுந்த இடத்திலேயே
சொல்லை வைத்தாள்.
அப்படியே விடு, உர்மஸ் என்றது புருவம்.

ஒன்றாம் ஃபேடரை இறக்குகிறேன்.
அவள் தண்ணீர் குடிக்கிறாள்.
ஏழில் நாங்கள் இருவரும்
சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

டேப்பின் ஓரம்
கொஞ்சம் பிரிந்திருக்கிறது.
நகம் போய்ப்போய்
அங்கேயே நிற்கிறது.