கதிரை, யன்னல், சப்பாத்து

வாள் இல்லாத படங்கள்தான் என்னிடம்.
எவரும் கேட்டு வராதவை.
இரண்டு படம் எடுத்துவிட்டு
மீன் ஏலம் கூறப் போன இயக்குநர்,
இழுத்து மூடிய ஸ்ரூடியோ,
சுவரொட்டி மட்டும் மிஞ்சிய ஐம்பத்துநாலாம் ஆண்டு.
இப்படி நானூற்றுப் பன்னிரண்டு.
உப்புக்காற்றுக்குப் பயந்து
ஹார்ட் டிஸ்க்கை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன்.
"அரிசியோடை படத்தையும் உலையிலை போட்டிடாதை"
என்கிறான் யூஜின், என் மனுசன்.

அடுத்தது சாவோ பாவுலோவிலிருந்து வந்தது.
அனுப்பியவர் செர்ஜியோ ஓகுரா.
தகப்பன் அங்கே ஒரு தியேட்டரில்
ரிக்கற் கிழித்தவராம்.
பேச்சு யப்பான்.
கீழே ஓடும் எழுத்து போர்த்துக்கீசம்.
எனக்கு இரண்டும் இல்லை.

பாஷையூரில் இரவு ஒரு மணி.
ஒரு சொல் வந்து மறைந்தது.
நிறுத்தினேன், பின்னுக்கு இழுத்தேன்,
எழுத்துக் கூட்டினேன்:
ஜ னே லா.
யன்னல்!
அவள் யன்னலைத்தான் திறந்தாள்.
பிறகு கதெய்ரா, கதிரை.
சப்பாத்து, சப்பாத்தேதான்.
எங்கடை கோட்டையை முதலில் கட்டினவன்
விட்டுப்போன தளபாடமெல்லாம்
நானூறு வருசம் கழித்து
ஒரு யப்பான் வீட்டுக்குள் இறங்கிக் கிடந்தது.

பாயில் இருந்து சாப்பிடும் வீடு அது.
புருசன் தவணைக்கு ஒரு கதிரை வாங்கி வருகிறான்.
சண்டை அதைப் பற்றி
என்று நினைக்கிறேன்.

அறுபத்தோராம் நிமிடத்தில் ஒரு றீல் இல்லை.
படம் எட்டிப் பாய்கிறது.
வாசலில் சப்பாத்து இல்லை.
அவள் முதல்தரம் அந்தக் கதிரையில் இருக்கிறாள்,
யன்னல் பக்கம் திரும்பி
ஒரு வரி சொல்கிறாள்.
அதில் எனக்குத் தெரிந்த தளபாடம் ஒன்றுமில்லை.
முடிந்தது படம்.

மூன்று நாள் அந்த வரிக்கு அர்த்தம் வைத்தேன்.
போகட்டும், என்றிருப்பாள்.
வருவான், என்றிருப்பாள்.
காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸுக்குள் நின்றபடி
என்னுடையதையெல்லாம்
அவள் வாயில் போட்டுப் பார்த்தேன்.

ஓகுராவுக்கு எழுதிக் கேட்டேன்.
வெள்ளிக்கிழமை பதில் வந்தது:
"சோறு அடிப்பிடிக்கிறது."

யூஜின் விழுந்து விழுந்து சிரித்தான்.

திரும்பப் போட்டேன்.
உண்மைதான்.
பிரதியில் பிடித்த பூஞ்சணம் என்று
நான் நினைத்த வெள்ளை,
வலப்பக்க ஓரத்தில்,
மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது.

அவள் எழும்பவில்லை.