இடது கையுறை

ஜூன் மாதம் எங்கள் ஊரில் இருட்டுவதே இல்லை.
நள்ளிரவிலும் ஃபியோர்டின் மேல் வெளிச்சம்
கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி.
முகம் சிவந்தால் ஒளித்துக்கொள்ள
ஒரு கைப்பிடி இருட்டு கிடைக்காது.

பதின்மூன்று ஆனால் நகராட்சி வேலை தரும்:
களை பிடுங்கு, புல் வாரு, படகுத்துறைச் சுவருக்கு வண்ணம் பூசு.
எனக்கும் ஸ்டெய்னருக்கும் வாய்த்தது
மீன் தொழிற்சாலைக்கும் தேவாலயத்துக்கும் நடுவில்
ஒரு நடைபாதை,
விளிம்பெல்லாம் மஞ்சள் டாண்டெலியன்.

போன வருடம்வரை அவன் வெறும் ஸ்டெய்னர்.
நீச்சல் வகுப்பில் மூக்கில் தண்ணீர் ஏறி இருமுகிறவன்.
இந்த வருடம் என்ன ஆயிற்றோ,
ஒரு வேரை முறியாமல் உருவி
"பார், முழு வால்!" என்று தூக்கிக் காட்டினான்.
என் வயிற்றுக்குள் லிஃப்ட் ஒன்று
நிற்காமல் இரண்டு மாடி இறங்கியது.

சோல்ரூனிடம் சொல்லவில்லை.
சொன்னால் அன்று மாலையே
வெந்நீர்க் குளம் முழுக்கத் தெரிந்துவிடும்.
அம்மாவிடமும் சொல்லவில்லை.
ஏப்ரலில் அந்த முதல் இரத்தம் வந்தபோது
அம்மா கேக் சுட்டாள், அப்பா கைகுலுக்கினார்.
இன்னொரு கொண்டாட்டம் தாங்காது.

செவ்வாய்க்கிழமை மழை.
இடைவேளையில் அவன் கழற்றி வைத்த கையுறைகளில்
இடதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
திருடவில்லை. கை தானாகப் போயிற்று.
சரி,
திருடினேன்.

இரவு கதவைச் சாத்திவிட்டு மாட்டிப் பார்த்தேன்.
ரப்பர் வாடை, மண், கொஞ்சம் லைகரிஸ் மிட்டாய்.
பாதியிலேயே இறுக்கிப் பிடித்தது.
என் கை அவன் கையைவிடப் பெரியது!
ஒரே வருடத்தில் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தவள் நான்.
என் கால்சட்டைகளெல்லாம்
கணுக்காலுக்கு மேலே நின்று சிரிக்கின்றன.
அழலாமா என்று யோசித்தேன்.
பிறகு விரல் விரலாக இழுத்து மாட்டி
அப்படியே தூங்கிப்போனேன்.

மூன்று நாள் ஒற்றைக் கையுறையோடு வேலை செய்தான்,
இடக்கையைச் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டு.
வெள்ளிக்கிழமை உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது.
"புதுசு வேணும்னா சம்பளத்தில் பிடிப்பேன்"
என்றாள் மேற்பார்வை பார்க்கும் ஹல்பெரா.

பிடித்திருக்கிறது என்றால் இதுதானா?
ஒருவன் கொப்புளத்தை
பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடப்பதா?

மதியம் தள்ளுவண்டியின் அடியில்
வாரிப்போட்ட புல்லுக்குள் செருகி வைத்தேன்.
வண்டியைக் கவிழ்த்தான். "அட!"
மாட்டினான். விரலை விரித்தான், மடக்கினான்.
நெற்றி சுருங்கியது.
"இது பெரிசாயிடுச்சே."

காதுமடல்வரை சூடு.
இருட்டோ ஆகஸ்ட்வரை வராது.
"மழையில நனைஞ்சா ரப்பர் அப்படித்தான் ஆகும்" என்றேன்.
அந்தக் கோடையில் அதுவரை அவனிடம் நான் பேசியதில்
மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அவன் வலது கையுறையைப் பார்த்தான்.
அதே மழையில் நனைந்ததுதான் அதுவும்.
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த களைக்குக் குனிந்தான்,
கொஞ்சம்
என் பக்கமாக.